பகல் ஷிஃப்டுக்கு

ஹெப்சிபா,
கதவு திறக்கிற பொத்தான் தேய்ந்து கிடக்கிறது.
இரண்டு தரம் அழுத்துங்கள்.
மூன்றாம் தரம் அழுத்தினால்
திறந்த கதவு மூடிக்கொள்ளும்.

மாட்டுத்தாவணியில் கடைசி சென்னை வண்டி கிளம்பி
முதல் பூ மூட்டை வந்து இறங்கும் வரை
இந்தப் பார்சல் ஆபீஸ் கம்ப்யூட்டரில்
எனக்கு இன்னொரு ஊர் இருப்பது
உங்களுக்குத் தெரிந்துவிட்டது.
முதலாளியிடம் சொல்லவில்லை. நன்றி.
'நானும் ஆடலாமா' என்று
ரசீதின் பின்பக்கம் கேட்டிருந்தீர்கள்.
ஆடலாம். ஆள் ஒருவன்தான்,
பகலுக்கு உங்களுக்கு, ராத்திரிக்கு எனக்கு.

அவன் பெயர் ஒச்சு.
எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெயர்.
அந்த நாட்டில் யார் வாயிலும் நுழையவில்லை,
'அயலானே' என்றுதான் கூப்பிடுவார்கள்.
கோபப்படாதீர்கள்.

முதலில் எல்லாரிடமும் பேசுங்கள்.
கொல்லன், ஓடக்காரன்,
கிணற்றடியில் சும்மா நிற்கிற பெண்.
தலைக்கு மேல் மஞ்சள் குறி உள்ளவர்களிடம் மட்டும் பேசுவது
விலாசம் படிக்காமல் மூட்டை ஏற்றுவது மாதிரி.

கண்டதையும் பொறுக்காதீர்கள்.
ஒச்சு அறுபது கிலோ தூக்குவான்.
அறுபத்தொன்றாவது கிலோவில்
ஓநாய் துரத்தினாலும் நடப்பான்.
(உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
சாத்தூர் கிரைண்டர் கல்லை
ஒற்றை ஆளாய் நகர்த்தியதாகப் பதிவேட்டில் பார்த்தேன்.)
துருப்பிடித்த கத்தி பதினாறு வைத்திருக்கிறேன்,
விற்கலாம் என்று.
அந்த நாடு முழுக்கத் துருப்பிடித்த கத்திதான்.

சிவப்புக் குப்பி மருந்து.
பெரிய சண்டைக்கு ஆகட்டும் என்று
நாற்பத்தொன்று சேர்த்தேன்.
பெரிய சண்டை வந்தது.
குடிக்க மறந்து செத்தேன்.
குப்பிகள் அப்படியே இருக்கின்றன.

வடக்கே மட்டும் போகாதீர்கள்.
பாலத்துக்கு அடியில் ஒரு பூதம்,
நம்மைவிடப் பன்னிரண்டு லெவல் கூட.
பார்த்தால் ஓடுங்கள். ஓடுவது தோல்வி இல்லை.
அதற்கு நீந்தத் தெரியாது, ஆற்றில் குதியுங்கள்.
ஆற்றில் தண்ணீர் இருக்கிறது,
நம் வைகை என்று நினைத்து யோசித்து நிற்காதீர்கள்.

சேமியுங்கள்.
கதவுக்கு முன்னால், சண்டைக்கு முன்னால்,
கரண்ட் போவதற்கு முன்னால்.
எப்போது போகும் என்று எனக்கும் தெரியாது.
யூபிஎஸ் நாலு நிமிஷம் நிற்கும்.

*

புதன் இரவு.
மேலூர் டிராக்டர் பாகம் மூன்று, வந்து சேர்ந்தது.
திரையைத் திறந்தால் வெள்ளை.
மானிட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன்.
ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.

பிறகுதான் ஒச்சுவின் வாயிலிருந்து
புகை வருவதைக் கவனித்தேன்.

உங்கள் ரசீது விசைப்பலகைக்கு அடியில் இருந்தது:
'எல்லார்கிட்டயும் பேசச் சொன்னீங்க. பேசினேன்.
அதுக்கு இரும்பு தின்னப் பிடிக்குமாம்.
கத்தி பதினாறும் குடுத்துட்டேன்,
ஒதுங்கி வழி விட்டுச்சு.
குப்பி எல்லாம் காலி,
சண்டையே இல்ல, குளிருக்குக் குடிச்சேன்.'

இரண்டு வருஷம், ஹெப்சிபா.
அதன் பக்கம் போகும்போதெல்லாம்
வாளைத்தான் உருவியிருக்கிறேன்.
அது வாய் திறந்ததை
கடிக்க வருகிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

இங்கே பங்குனி.
தகரக் கூரை ராத்திரி ஒரு மணிக்கும் அனலாக இருக்கிறது,
சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டிருக்கிறேன்.
அங்கே அவன் தோளில் பனி ஏறுகிறது.
நகர்த்தவில்லை.
சேமித்தேன். மறுபடி சேமித்தேன்.

பூ லாரி ஹாரன் அடிக்கிறது, போகிறேன்.
ராமநாதபுரம் கருவாட்டுப் பெட்டி இரண்டு
காலையில் ஆள் வருவார்,
கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்.
பனியில் முழங்கால் வரை புதைகிறது இவனுக்கு.
எப்படி நடத்துவது?